யூரோ நோட்டில் ஒரு புள்ளி

ஐரோப்பா போகிறேன் என்றுதான்
ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தேன்.
பொய்யில்லை.
ஐந்து யூரோ நோட்டைப் புரட்டினால்
வரைபடத்தின் அடியோரம்
கொசு உட்கார்ந்து போன அளவில் சில தீவுகள்.
அதில் ஒன்றில்தான் இறங்கினேன்,
மடகாஸ்கருக்கும் கிழக்கே
வழி தவறி வந்து தங்கிவிட்டதுபோல் ஓர் ஐரோப்பா.
ஏப்ரல் மாதம். வேர்த்தது.

ழொசலின் கனாபதி கம்பிக்கு அப்பால் கையாட்டினாள்.
ஏழு வருஷம் முன் திருச்சி ஜங்ஷனில்
ஒரே ரயிலை இருவரும் தவறவிட்டோம்.
அடுத்த ரயிலுக்கு ஐந்து மணி நேரம்.
அப்படி வந்த சிநேகம்.
அவளிடம் பதினோரு தமிழ்ச் சொற்கள் இருந்தன.
என் பிரெஞ்சு ஆறு மாத மாலை வகுப்பு,
அதிலும் பாதி நாள் மட்டம்.
மிச்சத்தைக் கைகள் பார்த்துக்கொண்டன.

மறுநாள் சலாஸி.
மலைச்சுவரே கசிகிறது அங்கே,
காரின் கூரையில் தண்ணீர் தட்டிவிட்டுப் போகிறது.
மணமகளின் முகத்திரை என்று அதற்குப் பேராம்.
"நீங்கள் என்ன சொல்வீர்கள்?"
அருவி என்றேன்.
அறுவி, அறூவி, ஆருவி
என்று வளைவுக்கு வளைவு மாற்றிச் சொல்லிப் பார்த்தாள்.
பன்னிரண்டு.

சேன் தெனியில் கடை கடையாக ஏறினோம்.
பிலோமினா ஈஃபில் டவர் சாவிக்கொத்து கேட்டிருந்தாள்.
வனிலா இருந்தது, ஜெரேனியம் எண்ணெய் இருந்தது,
செத்தொழிந்த டோடோ பறவை
பனியனிலும் பீர் பாட்டிலிலும் கொழுகொழுவென்றிருந்தது.
ஈஃபில் டவர் இல்லை.
"எங்கள் ஊரிலா?" என்று கடைக்காரி
ழொசலினைப் பார்த்துச் சிரித்தாள்.
பிறகு இருவரும் கிரியோலில் ஏதோ பேசி
இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

எரிமலைக்கு மூன்றரைக்கே கிளம்ப வேண்டும்,
ஒன்பதுக்குள் மேகம் வந்துவிடும் என்று
அவள் புருஷன் திதியே
விரல்விட்டு எச்சரித்திருந்தான்.
சுடிதாருக்கு மேல் அவனுடைய கால்பந்துக் கழக ஜாக்கெட்.
கிளம்பியதும் நேரத்தோடுதான்.
கரும்பு லாரிக்குப் பின்னால் விடிகிறது, நிறுத்து என்றேன்.
மாடு, நிறுத்து.
செவ்வாய்க் கிரகம் மாதிரி மணல்வெளி,
நிறுத்து நிறுத்து.
விளிம்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
உலகம் வேலிக் கம்பியோடு முடிந்திருந்தது.
அதற்கப்பால் வெள்ளை. கீழேயும் வெள்ளை.

"அதோ, அங்கே வாய். இங்கே சின்னக் கூம்பு"
என்று அந்த வெள்ளைக்குள் விரலால் வரைந்தாள்.
எத்தனை தடவை வந்திருக்கிறாய்?
பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை, என்றாள். பஸ்ஸில்.
அன்றைக்கும் மேகம்.

லியோனிலிருந்து வந்த தம்பதி
படம் எடுத்துத் தரச் சொன்னார்கள்.
எடுத்துக் கொடுத்த ழொசலினிடம்
"நீங்கள் எந்த நாடு?" என்றார் அந்த ஆள், அன்பாகத்தான்.
"பிரான்ஸ். நீங்கள்?"
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பன்றிக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று, சமோசா,
ஃபிளாஸ்க்கில் ஆறிய காபி.
முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.
மேகம் கொஞ்சம் விலகுவதுபோல் பாவனை செய்துவிட்டு
இன்னும் கெட்டியாக மூடிக்கொண்டது.
ழொசலின் என்னைப் பார்த்தாள்.
இடுப்பில் கைவைத்தாள்.
திருச்சி ஜங்ஷன் மூன்றாம் பிளாட்பாரத்தில்
கடைசிப் பெட்டியின் முதுகைப் பார்த்தபடி
நான் சொன்ன அதே தொனியில்,
கொஞ்சமும் பிசகாமல், சொன்னாள்:
"போச்சு."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது.
அந்த நிலையில் திதியே எடுத்த படம்தான் இது.
இரண்டு பெண்கள், ஒரு வேலி,
மற்றபடி ஒன்றுமில்லை.

டவர் வாங்காததற்கு
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த பிலோமினா
போனை வாங்கி விரலால் பெரிதாக்கினாள்.
"பின்னாடி அவ்வளவும் பனியா?
கொடுத்துவச்சவடி நீ."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.
ஆமாம் என்றும் சொல்லவில்லை.